டிரவுட் குஞ்சு வாங்கி விடலாமா? ஏப்ரல் மாதத்துச் சண்டை

வருடா வருடம் ஏப்ரலில், மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஊட்டிக்கு ஏறுவதற்கு முன்னால், நாங்கள் சில பேர் குந்தா பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் கூடுகிறோம். பகலில் ஓடையில் டிரவுட் என்கிற குளிர்நீர் மீனுக்குத் தூண்டில் வீசுவது, ராத்திரியில் அதைப் பற்றிச் சண்டை போடுவது, நடுவில் சாப்பிடுவது, இவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல். ஓடையின் பெயரைக் கேட்காதீர்கள். தூண்டில்காரன் எவனும் தன் இடத்தைச் சொல்ல மாட்டான், சொன்னால் அது பொய்யாக இருக்கும். எமரால்டு தாண்டி அவலாஞ்சி போகிற வழியில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டுக்குள் ஓடுகிற தண்ணீர், எஸ்டேட்காரர்களின் சம்மதமும் மீன்வளத்துறை அனுமதியும் கையில் இருந்தால்தான் கம்பையே உறையிலிருந்து எடுப்போம். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் எவ்வளவு நல்ல தண்ணீர் ஓடினாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டை புரியாது. பங்களாவுக்குப் பொறுப்பானவர் எஸ்டேட் மேனேஜர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். குன்னூரில் குடியேறிவிட்ட வங்கி மேனேஜர் ஒருவர், ஓய்வுபெற்றவர், அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் கவுண்டர் ஒருவர். எமரால்டு பக்கத்துப் படகர் வீட்டுப் பையன், கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவன், வயதில் சிறியவன் என்பதால் தம்பி. அப்புறம் சென்னையிலிருந்து போகிற நானும் இன்னும் ஓரிருவரும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வந்துவிட்டதால் கிளம்புவதற்கு முன்பே வண்டி நம்பரையெல்லாம் பதிவு செய்யவேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் மலையடிவாரத்துக் கல்லாறில் பிடுங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில்தான்.

நாங்கள் செய்வது ஃப்ளை ஃபிஷிங். அது என்ன என்று ஒவ்வொரு தடவையும் யாருக்காவது விளக்கவேண்டி வருகிறது. நம் ஊர்க் குளத்தில் தூண்டில் போடும்போது தூரத்துக்குக் கொண்டுபோவது ஈயக்குண்டு. குண்டு பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் போகிறது. இங்கே நுனியில் இருப்பது இறகாலும் நூலாலும் கட்டிய ஒரு போலிப் பூச்சி, ஊதினால் பறந்துவிடும், அதற்கு எடையே கிடையாது. அதனால் எடையை நரம்புக்கே கொடுத்துவிடுகிறார்கள். தடித்த, மேலே பூச்சு கொடுத்த நரம்பு. நுனிப்பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்கூஸ். கம்பைப் பின்னால் இழுத்து டக்கென்று நிறுத்தினால் நரம்பு முதுகுக்குப் பின்னால் நீளும். அது முழுக்க நீண்டு முடிகிற வரைக்கும் ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். அப்புறம்தான் முன்னால் வீச வேண்டும். கம்பு வளைந்து நிமிர்கிற அந்த விசைதான் பூச்சியைக் கொண்டுபோய்த் தண்ணீர்மேல் வைக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது அந்த ‘ஒன்றும் செய்யாமல்’ நிற்கிற இடத்தில்தான். அவசரப்பட்டால் நரம்பு சாட்டைபோலச் சொடுக்கும், பூச்சி அறுந்துபோகும். காத்திருந்தாலும் பின்னால் சீகை மரம், அதாவது வாட்டில், நின்றால் கதை முடிந்தது. சீகைக் கிளைகளில் எங்கள் குழுவின் பூச்சிகள் தொங்குவதைப் பார்த்தால் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைக்கத் தோன்றும்.

முதல் நாள் ராத்திரி பூச்சி கட்டுவோம். எனக்கு இதில்தான் ருசி அதிகம். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுக் கவுண்டர் தன் பட்டறை லேத்தில் கடைந்த குட்டி வைஸை, அதாவது பிடிப்புக் கருவியை, திருகிப் பொருத்துவார், அதன் வாயில் நகத்தைவிடச் சின்னதாக ஒரு தூண்டில் முள். முள்ளில் பின்னோக்கி நிற்கிற சிறு செதிலை முதலிலேயே இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும், மீனை விடுவிக்கும்போது வாய் கிழியாது. முள்ளின் தண்டில் கறுப்பு நூலைச் சுற்றி, நாட்டுக்கோழி இறகிலிருந்து மூன்று இழை எடுத்து வாலாகக் கட்டுவார். உடம்புக்கு மயிலிறகு. கண் பகுதிக்குக் கீழே ஓரத்தில் பச்சையும் செம்புமாக மின்னுகிற இழைகள் இருக்குமே, அதில் இரண்டை உருவி முறுக்கிச் சுற்றினால் நனைந்த பூச்சியின் உடம்பு அப்படியே வந்துவிடும். மருதமலைக் கோயில் வாசலில் வாங்கிய மயிலிறகு அது. அதன்மேல் இடைவெளி விட்டு இரண்டு மூன்று சுற்று மெல்லிய செம்புக் கம்பி. அந்தக் கம்பிதான் பூச்சிக்குக் கொஞ்சம் கனம் கொடுத்து மூழ்க வைக்கும், மயிலிழை பிய்ந்துபோகாமலும் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டில் இதைச் சின்னச் சின்ன உருளையில் சுற்றி நல்ல விலைக்கு விற்கிறார்கள். கவுண்டர் பட்டறையில் அது மோட்டார் வைண்டிங்கில் மிச்சமானது, கிலோ கணக்கில் கிடக்கிறது. “எங்க ஊரு மோட்டார் கம்பியிலதானுங்க மீன் மாட்டுது” என்று அவர் சொல்வதில் பெருமையும் உண்டு, நியாயமும் உண்டு.

இறகு என்றதும் சார் காட்டுக்கோழிக் கதையை ஆரம்பித்துவிடுவார், எங்களுக்கு மனப்பாடம். நம் காட்டில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டு விட்டதுபோல மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் சொன்னரா பெயரைத்தான் அதன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிறார்கள். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் சால்மன் மீனுக்குக் கட்டிய ஆடம்பரப் பூச்சிகளில் இந்த இறகு இல்லாமல் முடியாது, பூச்சிக்குக் கண் வைத்ததுபோல் அமையும். நம் காட்டுச் சேவல்களை அதற்காகவே சுட்டு, தோலோடு கழுத்தைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். இன்று ஏற்றுமதிக்குத் தடை, பறவையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் கூண்டில் வளர்த்த சேவலின் இறகை வைத்துச் சமாளிக்கிறார்கள். எங்கள் மேஜையில் அந்த இறகு வந்ததில்லை, வரவும் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பு. தேயிலைக்குள் உதிர்ந்து கிடந்தால்கூட எடுக்க விடமாட்டார்.

காலையில் ஓடைக்குப் போனதும் கம்பைத் தொடுவதற்கு முன்னால் கல்லைப் புரட்ட வேண்டும். முழங்கால் ஆழத்தில், வேகமாக ஓடுகிற இடத்தில், இரண்டு கை அகலத்துக் கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஈரம் கொஞ்சம் வடிந்ததும் கல்லின் நிறத்திலேயே தட்டையாக ஒன்று நகரும். ஆறு கால், மூன்று மெல்லிய வால், வயிற்றின் இரு பக்கமும் இலைபோல வரிசையாகச் செவுள்கள் துடித்துக்கொண்டிருக்கும். மேஃப்ளையின் இளம்பருவம் அது. தண்ணீருக்குள் மாதக்கணக்கில் இப்படியே கல்லைப் பற்றிக்கொண்டு வளர்ந்து, ஒருநாள் மேலே வந்து தோலுரித்துச் சிறகோடு எழும்பும். எழும்பிப் போய் ஏதாவது இலையில் உட்கார்ந்து சிறகோடு சேர்த்து இன்னொரு தடவை தோலுரிக்கும், பூச்சி இனத்திலேயே சிறகு வந்த பிறகு தோலுரிப்பது இது ஒன்றுதான். அப்புறம் அதற்குச் சாப்பிட வாய்கூடச் சரியாகக் கிடையாது. ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் முடிந்துபோகும். அதே கல்லில் மணல் துகள்களை ஒட்டிக் கட்டிய, அரிசி நீளத்துக் குழாய்கள் இருக்கும், உள்ளே கேடிஸ் புழு. தன் வாயிலிருந்து வருகிற பட்டு நூலால் மணலை ஒட்டுகிறது. டிரவுட்டின் சாப்பாட்டில் பெரும்பங்கு இவைதான். கல்லில் எது அதிகமாக இருக்கிறதோ அந்தப் பூச்சியைத்தான் அன்றைக்குக் கட்ட வேண்டும்.

தம்பி சேர்ந்த பிறகுதான் இந்தக் கல் புரட்டும் வேலை இன்னொரு திசையில் போனது. எஸ்டேட் எல்லை தாண்டிக் கீழே, கேரட் தோட்டங்களும் கேரட் கழுவுகிற இடமும் இருக்கும் பகுதியில் அவன் எங்களை அழைத்துப்போய் அதே மாதிரிக் கல்லைப் புரட்டிக் காட்டினான். வழுவழுவென்று பாசி, அதற்குள் சிவப்புப் புழுக்கள், வேறு எதுவும் இல்லை. மேஃப்ளையும் கேடிஸும் தண்ணீர் கெட்டால் முதலில் போகிற ஜாதி, அதனால்தான் உலகம் முழுக்க ஓடைகளின் ஆரோக்கியத்தை இவற்றை எண்ணிப் பார்க்கிறார்கள். “மருந்து அடிக்காம கேரட் வராதுங்க அண்ணா, மார்க்கெட்ல கழுவாத கேரட்டை எவனும் வாங்க மாட்டான். ஆனா பாருங்க, என் தோட்டத்துத் தண்ணி இது” என்றான். குற்றம் சாட்டுவதும் அவனே, குற்றவாளியும் அவனே. எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை, நாங்கள் எல்லோரும் கழுவிய கேரட்தான் வாங்குகிறோம்.

மீன் பிடிப்பதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சில நாள் கிடைக்கும், பல நாள் கிடைக்காது. பூச்சி மிதந்து வருகிற இடத்தில் தண்ணீர் லேசாகச் சுழிக்கும், கம்பைத் தூக்கினால் கை நடுங்கும், ஒரு சாண் நீளத்துக்குப் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டையும் உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளியுமாக ஒன்று துள்ளும், அவ்வளவுதான். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், உலர்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும். தண்ணீருக்கு வெளியே வைத்துப் போட்டோ எடுக்கிறேன் பேர்வழி என்று நிற்பவர்களை அண்ணன் மூன்றாம் மனிதர் முன்னிலையிலேயே திட்டுவார். அண்ணன் சட்டைப்பையில் ஒரு தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும். தண்ணீர் 20 டிகிரி காட்டினால் கம்பை மடக்கிவிட வேண்டும், விவாதமே கிடையாது. குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்சிஜன் தங்கும். கடல்மட்டக் கணக்கில் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும் என்றால் 20 டிகிரியில் 9தான், காற்றழுத்தம் குறைந்த மலைமேல் அதைவிடவும் குறைவு. அந்தத் தண்ணீரில் போராடிக் களைத்த மீனை விட்டாலும் அது பிழைப்பது கஷ்டம். ஏப்ரல் மத்தியானங்களில் நிழலில்லாத இடங்களில் 20ஐத் தொட்டுவிடுகிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

டிரவுட் நம் மீன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரர்களுக்கு நீலகிரியின் குளிரும் ஓடையும் சொந்த ஊரை ஞாபகப்படுத்தியிருக்கின்றன, மீன் மட்டும் குறை. 1863இல் மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே முயன்று பார்த்து ஒன்றும் தேறவில்லை. அப்போதெல்லாம் டிரவுட் முட்டையைப் பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்து கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 1864இல் டாஸ்மேனியாவுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. நீலகிரியில் காரியம் கைகூடியது 1907வாக்கில், மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகு. இதில் எனக்குச் சிரிப்பு வருவது என்னவென்றால், இங்கே கடைசியில் நிலைத்தது இங்கிலாந்தின் பழுப்பு டிரவுட் இல்லை, அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த ரெயின்போ டிரவுட். ஊர் ஞாபகத்துக்காகக் கொண்டுவந்தவர்களுக்குக் கிடைத்தது வேறு எவனுடைய ஊர் மீனோ.

நூறு வருடத்துக்கு மேலாக இந்த மீன் தானாகவே இங்கே முட்டையிட்டுப் பெருகுகிறது. குளிர்காலத்தில் பெண் மீன் சரளைக்கல் படுகையில் வாலால் குழி பறித்து முட்டையிடும், கல் இடுக்கில் ஓடுகிற தண்ணீர்தான் முட்டைக்கு மூச்சு. வருடத்தில் ஒருவராவது, பெரும்பாலும் கவுண்டர், சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பார். “ஏனுங்க, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, முறைப்படி எழுதிக் கேட்டு, குஞ்சு வாங்கி விட்டா என்னங்க? வருஷத்துக்கு ஒருக்கா இத்தன தூரம் வந்து வெறுங்கையோட போறமே.” சார் ஆமோதிப்பார். சென்னைக்காரர்களில் பாதி தலையாட்டும். நான் கூடாது என்பேன், அண்ணன் பேசாமல் இருப்பார்.

என் வாதம் இதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் போட்ட பட்டியலில் ரெயின்போ டிரவுட்டும் இருக்கிறது. இந்த ஓடைகளில் தவளைக் குஞ்சும் சின்னச் சின்ன உள்ளூர் மீன்களும் இருந்திருக்கின்றன, அவற்றின் நடுவே ஒரு வேட்டைக்கார மீனை விட்டது யாரோ செய்த வேலை, அதை நாமும் ஏன் புதுப்பிக்க வேண்டும்? 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோதே அந்நிய ஊடுருவல் உயிரினம் என்கிற விஷயம் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

சார் விடமாட்டார். “தேயிலை எந்த ஊர்ச் செடி? உருளைக்கிழங்கு? நீ வரும்போது யூகலிப்டஸ் தைலம் வாங்கிட்டுப் போறியே, அது?” நல்ல கேள்விதான். ஆனால் தேயிலை வேலியைத் தாண்டி நடந்து போய் மேலோடையில் தவளையைத் தின்பதில்லை.

கவுண்டர் கேட்டது அதைவிடச் சிக்கல். “வேண்டாத மீன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்குங்க கைய நனைச்சு, முள்ளைப் பாத்துப் பாத்து எடுத்து, திரும்ப விடறீங்க? புடிச்சதெல்லாம் பொரிச்சுத் தின்னுட்டா ஊடுருவலும் தீரும், வயிறும் ரொம்பும்.” இதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அனுமதிக்குள் ஆளுக்கு ஒன்று சமையலுக்கு வைத்துக்கொள்கிறோம், மிளகும் மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்தால் அதற்கு இணை கிடையாது. மிச்சத்தை விட்டுவிடுகிறோம். எனக்கு அந்த மீனைப் பிடித்திருக்கிறது, இருப்பதோடு இருக்கட்டும், நானாகக் கூட்ட மாட்டேன். இதில் தர்க்கம் இடிக்கிறது என்றால் இடிக்கட்டும்.

எல்லோரையும் கொஞ்சமாவது அசைத்தது கொள்கை இல்லை, 2019 வெள்ளம். அந்த ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதற்குப் பிறகு போனால் ஓடையே அடையாளம் தெரியவில்லை. எங்களுக்குப் பழக்கமான மடு மணலால் தூர்ந்து மேடாகக் கிடந்தது, கரை மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன. குஞ்சு கட்சிக்காரர்களுக்கு அப்போதுதான் பலம், மீனெல்லாம் அணைக்கு அடித்துக்கொண்டு போயிருக்கும், நாம் விட்டால்தான் உண்டு என்றார்கள். ஆனால் மேலே, கிளை ஓடை சேருகிற இடத்தில், சரளைக்கல் வெள்ளத்தில் கழுவப்பட்டுச் சுத்தமாகக் கிடந்தது. அதற்கடுத்த கோடைகளில் அங்கே விரல் நீளக் குஞ்சுகள் நிழல்நிழலாக ஓடின. யாரும் விடவில்லை, தானாக வந்தவை. கீழே வண்டல் படிந்த பகுதியில் இன்றுவரை கிடையாது. தோட்டத்து மண் வந்து சரளையை மூடினால் முட்டைக்கு மூச்சில்லை, நீங்கள் லாரி நிறையக் குஞ்சு கொண்டுவந்து கொட்டினாலும் அவற்றுக்குத் தின்னப் பூச்சி இல்லை. ஓடையில் எத்தனை மீன் இருக்கும் என்பதைக் குளிர்ந்த தண்ணீரும் கல்லடிப் பூச்சியும் ஒதுங்கிக்கொள்ள நிழலும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதற்குமேல் விட்டால் எல்லா மீனும் மெலிந்துபோகும்.

இந்த வருடம் அண்ணன் கடைசியில் வாயைத் திறந்தார். போடுகிற காசை இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரக் கன்றுக்குப் போடுங்கள், வெள்ளத்தில் மரம் போன கரையில் நடலாம், நிழல் விழுந்தால் மத்தியானமும் தண்ணீர் குளிர்ந்திருக்கும், மண்ணும் பிடித்துக்கொள்ளும் என்றார். மரத்தைத் தவளையும் ஆட்சேபிக்காது என்பதால் நான் உடனே கையைத் தூக்கினேன். தம்பி தன் தோட்டத்து விளிம்பில் ஓடையோரமாகக் கொஞ்சம் இடத்தைப் பயிரிடாமல் விடுகிறேன் என்றான், அப்பாவிடம் பேசிவிட்டுத்தான் உறுதி சொல்வானாம். சோலை மரம் வளர்ந்து நிழல் தர எத்தனை வருடம், அப்போது நாம் கம்பு பிடிக்கிற நிலையில் இருப்போமா என்று சார் கணக்குப் போட ஆரம்பித்தார். வங்கிப் புத்தி, விடாது. கவுண்டர் நெடுநேரம் மயிலிழையைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, “காசு தர்றேனுங்க. குழி தோண்டற சோலி மட்டும் என்கிட்ட வேண்டாம்” என்றார்.

கன்று நட ஜூன் மழை தொடங்க வேண்டும். ஜூனில் அந்தக் கரையில் அட்டை எப்படி ஏறும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும், காற்று வேறு ஆளைத் தள்ளும். யார் யார் வருகிறீர்கள் என்று அண்ணன் கேட்டார். சென்னைக்காரர்களுக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, சாருக்கு மூட்டுவலி, கவுண்டருக்குப் பட்டறையில் சீசன். இதுவரை கட்டாயம் வருகிறேன் என்று சொன்னவன் தம்பி ஒருவன்தான், அவனுக்கு வீடே அங்கே இருக்கிறது. நான் டிக்கெட் போட்டிருக்கிறேன், காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது.